கடனட்டை வழக்கு: வங்கி எதை நிரூபிக்க வேண்டும், நீங்கள் எதைச் சொல்ல வேண்டும்?

கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பெயரையும் வங்கியின் பெயரையும் தவிர்த்துச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். வயது 43, திருமண வைபவங்களுக்கு ஒளிப்படம் எடுப்பது தொழில், மனைவி, இரண்டு பிள்ளைகள். 2017 இல் யாழ்ப்பாண நகரக் கிளையொன்றில் 300,000 ரூபா எல்லையுடன் ஒரு கடனட்டை பெற்றார். கமெரா வில்லை, மடிக்கணினி, 2019 இல் வீட்டுக் கூரை திருத்துவதற்கான பொருட்கள் என்று அதைப் பாவித்து, மூன்று ஆண்டுகள் ஒழுங்காகப் பணமும் கட்டினார். 2020 இல் கொரோனாவோடு திருமண வைபவங்கள் நின்றுபோயின. 2021 ஜனவரிக்குப் பிறகு ஒழுங்காகக் கட்ட முடியவில்லை. 2022 நவம்பரில், வங்கிக்காகப் பணம் அறவிடும் முகவர் ஒருவரின் நெருக்குதலால் 5,000 ரூபா மட்டும் வைப்பிலிட்டார். அந்த முகவருக்கு வட்ஸ்அப்பில் ‘அடுத்த மாதம் மிச்சத்தைப் பார்ப்பம்’ என்றும் எழுதியிருக்கிறார். இப்போது கொழும்பு மாவட்ட நீதிமன்றத்திலிருந்து 742,000 ரூபாவுக்கும் மேலதிக வட்டிக்குமான ஆங்கில ஆவணக் கட்டொன்று, பிஸ்கால் (நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் அலுவலர்) மூலம் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அவருடைய கேள்விகள் பல. நான் கையொப்பமிட்ட ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் வங்கி காட்டாவிட்டால் வழக்கு விழுந்துவிடுமா? நான்கு ஆண்டுக்கு மேலாகிவிட்டதே, கடன் காலாவதியாகவில்லையா? ‘நிரூபியுங்கள் பார்ப்போம்’ என்று சொல்லிவிட்டு நீதிமன்றத்துக்குப் போகாமல் இருந்தால் என்ன? மனைவியின் சீதன வீட்டை ஏலம் போடுவார்களா? பொலிஸ் பிடிக்குமா? இணையக் காணொளிகளில் ஆட்கள் இப்படித்தான் கடனட்டை வழக்குகளை வென்றதாகச் சொல்கிறார்கள், அது உண்மையா? இவற்றோடு கடைசியில் ஒரு கேள்வி: மனைவிக்கு இந்த வழக்கைப் பற்றி இன்னும் தெரியாது, சொல்லத்தான் வேண்டுமா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தோடு அனுப்பிய படங்களைப் பார்த்தேன். உங்களுக்கு வந்திருப்பது சாதாரண அழைப்பாணை அன்று. ‘டிக்ரி நைசை’ எனப்படும் நிபந்தனைத் தீர்ப்பாணை. உங்கள் கேள்விகளில் பாதிக்கான பதில் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வங்கி உங்கள் மேல் வழக்குத் தொடுத்திருப்பது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டு (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ். 1994 இல் திருத்தப்பட்ட இச்சட்டம், வங்கி முதலான கடன்வழங்கு நிறுவனங்களுக்கு 150,000 ரூபாவுக்கு மேற்பட்ட கடன்களை அறவிட ஒரு விரைவு வழியைத் திறந்து கொடுத்தது. சாதாரண வழக்கில் வழக்காளி வழக்குரை தாக்கல் செய்வார், எதிராளி மறுமொழி கொடுப்பார், விளக்கம் (சாட்சி விசாரணை) நடக்கும், அதன் பின்னரே தீர்ப்பு வரும். இங்கே ஒழுங்கு தலைகீழாகிறது. வங்கி தன் வழக்குரையோடு ஒரு சத்தியக்கடதாசியையும் (சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலம்), தான் சார்ந்திருக்கும் ஒப்பந்த ஆவணங்களையும் தாக்கல் செய்கிறது. அவை மேலோட்டமான பார்வைக்குச் சந்தேகத்துக்கு இடமின்றியும் காலாவதியாகாமலும் இருந்தால், உங்களை அழைக்காமலே நீதிமன்றம் நிபந்தனைத் தீர்ப்பாணையை ஆக்கிவிடும். குறித்த திகதியில் நீங்கள் வந்து, எதிர்த்து வழக்காட அனுமதி பெறாவிட்டால், அது அறுதித் தீர்ப்பாணையாகிவிடும்.

ஆகவே ‘நிரூபியுங்கள் பார்ப்போம்’ என்று வீட்டில் இருப்பது இந்தச் சட்டத்தின் கீழ் தோல்வியைக் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்குச் சமன். நிரூபிக்கும் பாரம் வங்கியின் மேல்தான் இருக்கிறது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு கடன் உண்டென்று சொல்பவரே அதை எண்பிக்க வேண்டும். ஆனால் அந்தப் பாரத்தை வங்கி உண்மையாகவே சுமக்க வேண்டிய கட்டத்துக்கு வழக்கைக் கொண்டுசெல்வது உங்கள் கையில்தான் இருக்கிறது. அதற்கான சாவி நீங்கள் தாக்கல் செய்யப்போகும் சத்தியக்கடதாசி.

காணொளிகள் பற்றி ஒரு சொல். அவை பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றியவை. அங்கே வங்கிகள் வாராக் கடன்களைக் கட்டுக்கட்டாக வேறு கம்பனிகளுக்கு விற்றுவிடுகின்றன. ஒரு கடன் இரண்டு, மூன்று கைமாறி வருவதால், வழக்குத் தொடுக்கும் கம்பனியிடம் மூல ஒப்பந்தமும் இராது, முழுக் கணக்கும் இராது; கடன் தனக்கு உரிமையாகிவிட்டது என்பதைக் காட்டும் மாற்றுப் பத்திரங்களும் சில வேளைகளில் இரா. அந்த இடைவெளியில்தான் எதிராளிகள் வெல்கிறார்கள். உங்கள் வழக்கில் வழக்காளி, அட்டையைத் தந்த அதே வங்கிதான். உங்களுக்கு அழைப்பெடுத்த முகவர் வங்கிக்கு வேலை செய்தவர், கடனை வாங்கியவர் அல்லர். எனவே அந்த வாதம் உங்களுக்குப் பயன்படாது. அங்கேயும் மிகப் பெருமளவு வழக்குகள் எதிராளி வராமையினாலேயே முடிந்துவிடுகின்றன என்பதைக் காணொளிக்காரர்கள் சொல்வதில்லை.

வங்கி எதை எண்பிக்க வேண்டும்

முதலாவது, எழுத்திலான ஒப்பந்தம். 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘கடன்’ என்பதற்குக் கொடுக்கப்பட்ட வரைவிலக்கணம், எழுத்தில் இல்லாத வாக்குறுதியின் மேலான தொகையை விலக்குகிறது. ‘நான் ஒப்பந்தம் எதிலும் கையொப்பமிடவில்லை, விண்ணப்பப் படிவத்தில் மட்டுமே வைத்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படிவத்தின் அடியில், சிறிய எழுத்தில், ‘வங்கியின் நிபந்தனைகளை வாசித்து ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற வரி அநேகமாக இருக்கும். உங்கள் கையொப்பம் அதன் கீழேதான் இருக்கிறது. படிவமும் நிபந்தனைகளும் சேர்ந்தே ஒப்பந்தமாகும். ஆனால் இங்கே ஒன்றைக் கவனித்தேன். நீங்கள் படிவத்தில் கையொப்பமிட்டது 2017 இல். வங்கி இணைத்திருக்கும் நிபந்தனைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அச்சான ஆண்டு 2022. வட்டி வீதத்தை மாற்றும் உரிமை, தாமதக் கட்டணம், எல்லை மீறிய கட்டணம் எல்லாம் அந்தக் கையேட்டின்படி கணிக்கப்பட்டிருந்தால், 2017 இல் நீங்கள் ஏற்ற நிபந்தனைகள் எவை, அவை எப்போது மாறின, மாற்றம் உங்களுக்கு எப்படி அறிவிக்கப்பட்டது என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு நியாயம் உண்டு. ஒப்பந்தமே இல்லை என்ற மறுப்பு நிற்காது. கட்டணங்கள் எந்த ஒப்பந்தத்தின் மேல் என்ற கேள்வி நிற்கும்.

இரண்டாவது, அட்டையைப் பாவித்தீர்கள் என்பது. ஒவ்வொரு கையொப்பப் பற்றுச்சீட்டும் வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தைச் சட்டம் ஆதரிக்காது. இரகசிய இலக்கத்தோடும் இணையத்தினூடாகவும் நடக்கும் கொடுக்கல் வாங்கலில் கையொப்பம் என்பதே இல்லை. மூன்று ஆண்டுகள் மாதக் கணக்குக் கூற்றைப் பெற்று, அதைப் பார்த்துப் பணம் கட்டியிருக்கிறீர்கள். அந்தக் கொடுப்பனவுகளைவிட வலுவான சாட்சி வங்கிக்குத் தேவையில்லை. முகவருக்கு எழுதிய வட்ஸ்அப் செய்தியும் ஓர் ஒப்புதலாக முன்வைக்கப்படலாம். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அத்தகைய செய்திகளையும் கணினிப் பதிவுகளையும் சான்றாக ஏற்க இடமளிக்கிறது. எனவே, அட்டையைப் பாவிக்கவேயில்லை என்று சத்தியம் செய்யாதீர்கள். அது பொய்ச் சத்தியம் ஆகும் என்பது ஒருபுறமிருக்க, அந்த ஒரு பொய் வெளிப்பட்டதும் நீங்கள் சொல்லும் உண்மைகளையும் நீதிமன்றம் நம்பாது.

விதிவிலக்காக, நீங்கள் குறிப்பிடும் அந்த வெளிநாட்டு இணையக் கட்டணம் இருக்கிறது. 2019 டிசம்பரில் 38,000 ரூபா அளவில், நீங்கள் செய்யாத ஒன்று. வங்கிக்குத் தொலைபேசியில் முறையிட்டீர்கள், பதில் வரவில்லை. பெரும்பாலான கடனட்டை நிபந்தனைகளில், கூற்றில் பிழை இருந்தால் குறித்த நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும், இல்லையேல் சரியெனக் கொள்ளப்படும் என்று ஒரு வாசகம் இருக்கும். தொலைபேசியில் சொன்னதை எப்படிக் காட்டப்போகிறீர்கள் என்பதே கேள்வி. அந்நாளைய அழைப்புப் பதிவு, முறைப்பாட்டு இலக்கம் வந்த குறுஞ்செய்தி, ஒரு மின்னஞ்சல், எது கிடைத்தாலும் தேடி எடுங்கள்.

கணக்கு: உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான்

மூன்றாவது, தொகை. நீங்கள் ஏறத்தாழக் கவனிக்காமல் விட்டுவிட்ட இதுவே, என் பார்வையில் உங்களுக்குள்ள மிக நல்ல எதிர்வாதம்.

‘வ 5’ என அடையாளமிடப்பட்ட கூற்றுகளை மீண்டும் எடுத்துப் பாருங்கள். ஆறு மாதங்களுக்குரியவை மட்டுமே, 2023 ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. முதற் கூற்றின் முதல் வரி: முன்கொணர்ந்த மீதி, 486,310.22. அதற்குக் கீழே கொள்வனவு என்று ஒரு வரிகூட இல்லை. வட்டி, தாமதக் கட்டணம், மறுபடி வட்டி. 300,000 ரூபா எல்லையுள்ள அட்டையில், நீங்கள் பாவிப்பதை நிறுத்தி இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த 486,310 ரூபா எப்படி வந்தது? அதில் நீங்கள் வாங்கிய பொருட்களின் பெறுமதி எவ்வளவு, வட்டி எவ்வளவு, கட்டணங்கள் எவ்வளவு? தாக்கல் செய்யப்பட்ட ஆவணங்களில் இதற்குப் பதில் இல்லை. வழக்கின் முழுத் தொகையும் அந்த ஒரு வரியின் மேல் கட்டப்பட்டிருக்கிறது.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 34 ஆம் பிரிவு, தொழில் நடைமுறையில் ஒழுங்காக எழுதப்பட்டு வரும் கணக்குப் புத்தகப் பதிவுகள் சான்றாக ஏற்புடையவை என்கிறது. ஆனால் அவை தனியே ஒருவரைப் பொறுப்பாளியாக்கப் போதுமானவை அல்ல என்றும் சேர்த்துச் சொல்கிறது. உங்கள் சந்திக் கடைக்காரர் தன் கொப்பியில் உங்கள் பெயருக்கு எதிரே ‘பழைய பாக்கி 20,000’ என்று எழுதி வைத்திருந்தால், கொப்பியைக் காட்டினால் மட்டும் போதாது; என்ன சாமான், எப்போது, யார் எடுத்தது என்று வேறு சான்றும் வேண்டும் என்பது போலத்தான். வங்கிகளுக்கு 90 ஆம் பிரிவைத் தொடர்ந்து வரும் விசேட ஏற்பாடுகள் ஒரு சலுகை தருகின்றன: மூலப் பேரேட்டைக் கொண்டுவராமல், அதன் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் கொடுக்கலாம். அந்தப் பிரதியின் அடியில், இது உண்மைப் பிரதி, பதிவு வங்கியின் சாதாரண புத்தகமொன்றில் உள்ளது, வழமையான தொழில் ஒழுங்கில் எழுதப்பட்டது, புத்தகம் இன்னும் வங்கியின் பொறுப்பில் உள்ளது என்ற அத்தாட்சி, திகதியோடும் அதிகாரியின் பெயர், பதவி, கையொப்பத்தோடும் இருக்க வேண்டும். உங்களுக்கு வந்த கூற்றுகளின் அடியில் இருப்பது ‘இது கணினியால் ஆக்கப்பட்டது, கையொப்பம் தேவையில்லை’ என்ற வரி மட்டுமே. இதை உங்கள் சட்டத்தரணியின் கவனத்துக்குக் கொண்டு வாருங்கள். அத்தாட்சி சரியாக இருந்தாலும் அது பதிவு உண்டு என்பதற்கான முதல் தோற்றச் சான்றுதான். பதிவுக்குப் பின்னால் உள்ள கணக்குச் சரியென்ற முடிவு அன்று. வங்கிப் புத்தகப் பதிவுகளைப் பார்வையிட்டுப் பிரதியெடுக்க அனுமதி கோரி நீதிமன்றத்திடம் விண்ணப்பிக்கவும் அந்தப் பிரிவுகளே இடம் தருகின்றன.

வட்டியையும் மாதம் மாதமாகப் பாருங்கள். நீங்கள் கட்டாமல் விட்ட காலத்தில் வட்டி வீதம் ஒரே மாதிரி இருக்கவில்லை. 2020 ஓகஸ்டில் இலங்கை மத்திய வங்கி கடனட்டைகளுக்கு ஆண்டுக்கு 18 வீதம் என்ற உச்ச வரம்பை விதித்தது. 2022 மார்ச்சில் அது 20 வீதமாக உயர்த்தப்பட்டு, பொருளாதார நெருக்கடி முற்றிய ஏப்ரலில் முற்றாக நீக்கப்பட்டது. பிறகுதான் வட்டி வேகமாக ஏறியது. 2023 ஓகஸ்டில் மறுபடியும் 28 வீதம் என்ற வரம்பு வந்தது. ஆகவே 2021 ஜனவரி முதல் 2022 மார்ச் வரையான கூற்றுகளில் 18 வீதத்துக்கு மேல் கணித்திருந்தால், அந்த வித்தியாசமும் அதன் மேல் ஏறிய வட்டியும் கேள்விக்குரியவை. அந்தக் கூற்றுகளை வங்கி இணைக்கவில்லை. இணைக்காததற்குத் தீய நோக்கம் இருக்க வேண்டும் என்பதில்லை. இப்படி ஆறு மாதக் கூற்றோடு வழக்குப் போடுவது பல வங்கிகளின் வழக்கம்தான். ஆனாலும் அவற்றைக் கேட்பது உங்கள் உரிமை.

வங்கியின் சத்தியக்கடதாசியைச் செய்திருப்பவர் கொழும்பு அறவீட்டுப் பிரிவின் அதிகாரி ஒருவர். அவர் எந்த ஆவணங்களைப் பார்த்து, எந்த அறிவின் மேல் சத்தியம் செய்கிறார் என்பதும் வாசித்துப் பார்க்க வேண்டிய ஒன்று. இதை ஒரு பெரிய ஆயுதமாக நினைக்க வேண்டாம். கணக்கு மேலான எதிர்வாதத்துக்கு இது பக்கபலம், அவ்வளவே.

உங்கள் சத்தியக்கடதாசி எப்படி இருக்க வேண்டும்

1990 ஆம் ஆண்டுக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் 6 ஆம் பிரிவின்படி, எதிர்த்து வழக்காட அனுமதி மூன்று வழிகளில் கிடைக்கலாம்: கோரிய தொகையை நீதிமன்றத்தில் கட்டினால், நீதிமன்றம் போதுமெனக் கருதும் பிணை கொடுத்தால், அல்லது விளங்கித் தீர்க்க வேண்டிய ஒரு பிரச்சினையை உங்கள் சத்தியக்கடதாசி எழுப்புகிறது என்று நீதிமன்றம் திருப்தியடைந்தால். முதலிரண்டும் உங்களால் இயலாதவை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே மூன்றாவதுதான். சத்தியக்கடதாசி வழக்காளியின் கோரிக்கையைக் குறிப்பாகக் கையாண்டு, எதிர்வாதம் எது, அதற்கு ஆதாரமான நிகழ்வுகள் எவை என்று தெளிவாகவும் சுருக்கமாகவும் சொல்ல வேண்டும் என்று பிரிவே கேட்கிறது. வெறும் தொழில்நுட்ப ஆட்சேபனைகளை அடுக்குவது போதாது, கோரிக்கையின் தகைமைக்கு முகங்கொடுக்க வேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றங்களும் 1990களிலிருந்தே சொல்லி வருகின்றன.

‘வழக்காளி கோரும் தொகையை முற்றாக மறுக்கிறேன், வழக்காளி அதைக் கண்டிப்பாக எண்பிக்க வேண்டும்’ என்று எழுதினால் அது எந்தப் பிரச்சினையையும் எழுப்பாது. இப்படி எழுதலாம்: ‘2017 இல் அட்டையைப் பெற்றதையும் அதைப் பாவித்ததையும் ஏற்கிறேன். 2021 ஜனவரி வரை நான் கட்டிய தொகைகள் இணைப்பில் உள்ளன. வ 5 இல் முன்கொணர்ந்த மீதியாகக் காட்டப்படும் 486,310.22 ரூபா எவ்வாறு உருவானது என்பதற்குரிய கூற்றுகள் தாக்கல் செய்யப்படவில்லை. என் கணிப்பின்படி அக்காலத்தில் செலுத்த வேண்டியிருந்த முதல்தொகை இவ்வளவு. 2020 ஓகஸ்டு முதல் நடைமுறையிலிருந்த வட்டி வரம்பின்படி வட்டி இவ்வளவு. 2019 டிசம்பரின் கட்டணத்தை இன்ன வகையில் ஆட்சேபித்தேன்.’ ஏற்பதை ஏற்று, மறுப்பதை எண்ணோடு மறுக்கும் சத்தியக்கடதாசியை ஒரு நீதிபதி தட்டிக்கழிப்பது கடினம். 2017 முதல் உங்கள் மின்னஞ்சலில் வந்து கிடக்கும் கூற்றுகளையும் வைப்புச் சீட்டுகளையும் இன்றே திரட்டத் தொடங்குங்கள். கிரிப் எனப்படும் கடன் தகவல் பணியகத்திடம் உங்கள் சொந்த அறிக்கையையும் பெறுங்கள். அதில் வங்கி மாதாமாதம் காட்டியிருக்கும் நிலுவை, வழக்கில் கோரும் தொகையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம்.

கொழும்பில் வழக்குப் போட்டது செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒப்பந்தம் கொழும்புத் தலைமை அலுவலகத்தில் முடிவானது என்று வங்கி சொல்லும். அது பொதுவாக நின்றுவிடும். இந்த ஆட்சேபனையை எழுப்புவதில் தவறில்லை, அதை மட்டும் நம்பியிருப்பதே தவறு. மொழி பற்றிய கவலைக்கு அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை இருக்கிறது: நீதிமன்றம் எங்கிருந்தாலும் உங்கள் ஆவணங்களைத் தமிழில் சமர்ப்பிக்கலாம், வழக்கு நடக்கும் மொழி தெரியாவிட்டால் அரசின் செலவில் மொழிபெயர்ப்பும் உரைபெயர்ப்பும் கோரலாம். ஒவ்வொரு தவணைக்கும் இரவு பஸ் ஏற வேண்டியதில்லை, சட்டத்தரணி தோன்றுவார். சட்டத்தரணியை அமர்த்த வசதி இல்லையெனில், சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தில் உங்கள் வருமானத்தைக் காட்டி உதவி கேளுங்கள்.

காலாவதி

மூன்று ஆண்டு என்று நீங்கள் கேள்விப்பட்டது எழுத்தில் இல்லாத ஒப்பந்தங்களுக்கு உரியது. எழுத்திலான ஒப்பந்தத்துக்கு 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தரும் காலம் ஆறு ஆண்டுகள். 2021 இன் தொடக்கத்தில் நீங்கள் தவறியதிலிருந்து எண்ணினாலும் அது முடியவில்லை. போதாததற்கு 2022 நவம்பரில் கட்டிய அந்த 5,000 ரூபா இருக்கிறது. பகுதிக் கொடுப்பனவு கடனை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்பட்டு, காலம் அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும். முகவர்கள் ‘ஓர் ஆயிரம் ரூபாவாவது போடுங்கோ அண்ணை’ என்று கெஞ்சுவதன் உட்பொருள் சில வேளைகளில் இதுதான். காலாவதி வாதத்தை விட்டுவிடுங்கள்.

வீடும் நிலமும்

பொலிஸ் வராது. கடனட்டைப் பாக்கி குடியியல் விடயம். அதற்காக உங்களைக் கைது செய்யப் பொலிஸுக்கு அதிகாரம் இல்லை. தீர்ப்பாணைக்குப் பிறகு சொத்தை மறைப்பவர்கள் மேல் நீதிமன்றம் எடுக்கக்கூடிய நடவடிக்கை வேறு கதை. முகவர் உங்கள் மாமியாருக்கு அழைப்பெடுத்துப் ‘பொலிஸோடு வருவோம்’ என்று சொன்ன நாளையும் இலக்கத்தையும் குறித்து வையுங்கள். 2023 ஆம் ஆண்டின் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின் கீழ் முதலில் வங்கிக்கும், பிறகு மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கும் முறையிடலாம். அந்த முறைப்பாடு வழக்கை நிறுத்தாது.

வழக்கின்றி வங்கியே சொத்தை ஏலம் விடும் அதிகாரம் 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஈடு வைத்த சொத்துக்கு மட்டுமே உரியது. நீங்கள் எதையும் ஈடு வைக்கவில்லை. இங்கே அறுதித் தீர்ப்பாணையும் அதன் மேல் எழுத்தாணையும் (தீர்ப்பை நிறைவேற்றும் கட்டளை) வந்த பின்னரே பிஸ்கால் உங்கள் சொத்தைக் கைப்பற்றலாம். உடை, படுக்கை, தொழிற்கருவிகள் போன்ற சிலவற்றுக்கு அப்போதும் பாதுகாப்பு உண்டு.

உங்கள் மனைவியின் சீதன வீடு உங்கள் சொத்து அன்று. 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவின்படி, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி திருமணத்தின்போதோ பின்னரோ பெறும் தனிச் சொத்து கணவனின் கடன்களுக்குப் பொறுப்பாகாது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: அந்தச் சொத்தின் பராமரிப்பு, திருத்தம், மேம்பாடு என்பவற்றுக்காகக் கணவன் பட்ட கடன். 2019 இல் கூரைத் திருத்தத்துக்கு 92,000 ரூபாவை அட்டையில் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கூரை சீதன வீட்டின் கூரை. கொழும்பு வங்கியொன்று இதை நினைத்துப் பார்க்கும் சாத்தியம் குறைவு. இருந்தாலும் உங்கள் சட்டத்தரணிக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தேவையில்லாத இடத்தில், செலவுகளை நியாயப்படுத்தும் ஆவலில், அதைச் சத்தியக்கடதாசியில் விரித்து எழுதிவிடாதீர்கள். கேட்டால் பொய்யும் சொல்லாதீர்கள். திருமணத்துக்குப் பிறகு நீங்கள் இருவரும் தேடிய தேட்டம் இருந்தால் அதன் நிலை வேறு. அதில் உங்கள் பங்கு உங்கள் கடனுக்கு உட்படும்.

கோப்பாயில் உங்களுக்கு முதுசமாக வந்த காணித் துண்டைத் தம்பியின் பெயருக்கு நன்கொடை உறுதி எழுதிவிடலாமா என்று கேட்டது எனக்குக் கவலை தந்தது. வேண்டாம். கடன் கொடுத்தவரை ஏய்க்கும் நோக்கோடு எழுதப்பட்ட உறுதியை நீக்கக் கோரி வழக்குத் தொடுக்க நம் நாட்டின் உரோமன் டச்சுச் சட்டம் இடம் தருகிறது. விலை வாங்காமல், வழக்கு வந்த பின்னர், சொந்தச் சகோதரனுக்கு எழுதிய உறுதியைவிட அதற்குப் பொருத்தமான ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாது. தம்பியும் வழக்கில் இழுபடுவார்.

சமரசம்

உண்மையில் நீங்கள் ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கிறது. அதை நீங்களே கடிதத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். பிரச்சினை அது 742,000 ஆ, அதில் பாதியா என்பது. ஆகவே எதிர்வாதமும் சமரசமும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. அனுமதி பெற்று, கணக்கு விளக்கத்துக்கு வரும் என்ற நிலை ஏற்பட்ட பின்னர் வங்கிச் சட்டத்தரணிகள் வட்டியிலும் கட்டணங்களிலும் தளர்வது இயல்பு. அதற்கு முன் கதைத்தால் அவர்கள் தவணை முறையில் கட்டும் வசதியை மட்டுமே தருவார்கள், தொகையில் கை வைக்க மாட்டார்கள். சமரசக் கடிதங்களை ‘உரிமைகளுக்குப் பாதிப்பின்றி’ என்ற நிபந்தனையோடு சட்டத்தரணி ஊடாக மட்டும் எழுதுங்கள்; அப்படி எழுதப்பட்டதை ஒப்புதலாக எண்பிக்க முடியாது என்பது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு. முகவருக்கு இனி வட்ஸ்அப் எழுதவே வேண்டாம். இணக்கம் வந்தால், இறுதித் தொகை, தவணைகள், ஒரு தவணை தவறினால் என்ன ஆகும், முடிந்ததும் தீர்வுக் கடிதம் தருதல், கிரிப் பதிவைத் திருத்துதல் ஆகிய எல்லாம் நீதிமன்றப் பதிவில் ஏற வேண்டும். இவற்றில் ‘தவறினால்’ என்ற பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள். பல இணக்கத் தீர்ப்பாணைகளில் ஒரு தவணை பிந்தினாலே முழுத் தொகையும் உயிர்பெறும் என்று இருக்கும். திருமண காலத்தில் உழைப்பும் மற்ற மாதங்களில் வெறுங்கையுமாக இருக்கும் உங்கள் தொழிலுக்கு, மாதம் ஒரே தொகை என்ற ஒழுங்கு பொருந்தாது. ஆவணி, தை மாதங்களில் கூடவும் ஆடி, மார்கழியில் குறையவும் கட்டும்படி கேளுங்கள், கேட்டால் கொடுக்கிறார்கள்.

மனைவிக்குச் சொல்லத்தான் வேண்டும். சீதன உறுதி அவருடைய பெயரில், அவருடைய அலுமாரியில் இருக்கிறது. வீடு தனிச் சொத்தா என்பதை உங்கள் சட்டத்தரணி அந்த உறுதியைப் பார்த்தே சொல்ல முடியும். கூரைத் திருத்தத்துக்குப் பணம் வேறு எங்கிருந்தாவது, உதாரணமாக அவருடைய நகை அடகிலிருந்து, ஒரு பகுதியாவது வந்ததா என்பதும் அவருக்குத்தான் தெரிந்திருக்கும். தீர்ப்பாணையில் குறித்த திகதிக்கு முன் சத்தியக்கடதாசி தயாராகி, சமாதான நீதவான் முன் கையொப்பமாகிக் கொழும்புக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே அவரிடம் இந்த வாரமே சொல்லி, உறுதியோடு இருவருமாகச் சட்டத்தரணியிடம் போங்கள்.